வளவுக்கு மருந்தடிப்பதா, வளவைப் பார்த்துக்கொள்வதா? மட்டக்களப்புக் கரையோரப் பாடசாலைகளுக்கான ஓர் ஒப்பீடு

கடலுக்கும் வாவிக்கும் இடையே மணலில் அமைந்த எழுவான்கரைப் பாடசாலை ஒன்றின் அபிவிருத்திச் சங்கம் மாரிக்கு முன்னர் கூடும்போது, மூன்று முறைப்பாடுகளாவது மேசைக்கு வரும். வளவில் புல் முழங்காலளவுக்கு ஏறிவிட்டது. களஞ்சிய அறையின் கதவு நிலையில் கறையான் பிடித்துவிட்டது. வகுப்பறையில் நுளம்புத் தொல்லை தாங்க முடியவில்லை. மூன்றுக்கும் சேர்த்து, மருந்தடிக்க ஆள் பிடிப்போம் என்று ஒரே வரியில் தீர்மானம் எழுதிவிடலாம். ஆனால் புல்லும் கறையானும் நுளம்பும் ஒன்றுக்கொன்று தொடர்பற்ற மூன்று சிக்கல்கள். அவற்றுக்கு ஒரே விடை இருக்க முடியாது. பாடசாலைகளை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன் என்றாலும், கோயில் பரிபாலன சபைகளுக்கும் அலுவலகங்களுக்கும் விடுதிகளுக்கும் இதன் பெரும்பகுதி பொருந்தும்.

சங்கத்தின் முன்னால் உண்மையில் மூன்று வழிகள் உள்ளன. ஆண்டு ஒப்பந்தம் செய்து மாதந்தோறும் மருந்தடிப்பது முதலாவது. இரசாயனங்களை முற்றாக நிறுத்திவிடுவது இரண்டாவது. வளவையும் கட்டடத்தையும் ஒழுங்காகப் பார்வையிட்டு, பீடை வருவதற்கான காரணத்தைத் திருத்தி, அதற்கும் அடங்காத இடத்தில் மட்டும் குறிப்பிட்ட மருந்தைக் குறிப்பிட்ட அளவில் பயன்படுத்துவது மூன்றாவது.

இவற்றை ஒப்பிடுவதற்கு முன் நிலத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். களிமண் தன்மேல் ஊற்றப்படும் பல இரசாயனங்களைப் பற்றிப் பிடித்து வைத்திருக்கும். களியும் சேதனப் பொருளும் குறைந்த கரையோர மணலுக்கு அந்தப் பிடிமானம் மிகக் குறைவு. வடகீழ்ப் பருவமழை கொட்டும் நவம்பர், டிசம்பர் மாதங்களில் நிலத்தடி நீர் கிட்டத்தட்ட மேற்பரப்பு வரை ஏறி, கிணற்று நீரைக் கையால் அள்ளிவிடலாம் என்ற நிலை வரும். ஆகவே சுவரோரத்தில் ஊற்றப்பட்டதற்கும் கிணற்றில் இருப்பதற்கும் இடையில் சில அடி மணல்தான் தடுப்பு. வளவின் வடிகான் வாவியில் போய் விழுமானால், அங்கே இறாலும் நண்டும் மீன்குஞ்சும் இருக்கின்றன. கட்டடங்களில் மிகுதியாக அடிக்கப்படும் பைரெத்ரொயிட் வகை மருந்துகள் மனிதருக்கு ஒப்பீட்டளவில் தீங்கு குறைந்தவையாயினும், மீனுக்கும் இறாலுக்கும் மிகச் சிறிய அளவிலேயே நஞ்சானவை. வேறொரு நாட்டில், வேறொரு மண்ணில் சரியாக இருக்கக்கூடிய ஒப்பந்தம் இங்கே சரியாக இருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாதது இதனால்தான்.

முதலாவது வழிக்கு உரிய நியாயத்தைக் கொடுத்துவிட வேண்டும். அதிபருக்கு அது தலையிடி குறைந்த வழி. திகதி குறிக்கப்பட்டிருக்கும், ஆள் வந்து போனதற்குப் பற்றுச்சீட்டு இருக்கும், செலவு முன்கூட்டியே தெரியும், யாராவது கேட்டால் காட்டுவதற்கு ஓர் ஆவணம் இருக்கும். குறை என்னவென்றால், பீடை இருக்கிறதா இல்லையா என்று பாராமலே அங்கு மருந்து அடிக்கப்படுகிறது. வருகைக்கு இவ்வளவு, சதுர அடிக்கு இவ்வளவு என்று பணம் கொடுக்கப்படும் வரையில், மருந்து குறைவாகத் தேவைப்படும் நிலையை உருவாக்குவதில் ஒப்பந்தக்காரருக்கு எந்த அக்கறையும் இருக்க இடமில்லை. ஒழுகும் குழாயைப் பற்றியோ, கதவின் கீழுள்ள இடைவெளியைப் பற்றியோ அவர் ஒரு சொல்லும் சொல்லத் தேவையில்லை. அடுத்த மாதமும் வந்து அடித்துவிட்டுப் போவார். வெயிலும் மழையும் படாத அறைக்குள் தெளிக்கப்பட்ட மருந்து வெளியில் தெளிக்கப்பட்டதைவிட நெடுங்காலம் தங்கும். தரையில் உட்கார்ந்து, தரையைத் தொட்ட கையை வாயில் வைக்கும் தரம் ஒன்றுப் பிள்ளையின் உடல் எடையோடு பார்த்தால், அதே அறையில் நிற்கும் ஆசிரியரைவிட அந்தப் பிள்ளைக்குக் கிடைக்கும் அளவு அதிகம்.

முதலாவது வழிக்கு எழுதப்படாத ஒரு வடிவமும் உண்டு. அது என்னை இன்னும் அதிகமாகக் கவலைப்படுத்துகிறது. வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் வயலுக்கு வாங்கிய களைநாசினியில் மிஞ்சியது, நல்லெண்ணத்தோடு, வெற்றுச் சோடாப் போத்தலில் பாடசாலைக்கு வந்து சேர்வதுதான் அது. 1980 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் ஒவ்வொரு மருந்தும் குறித்த பயன்பாட்டுக்கே பதிவு செய்யப்படுகிறது. நெல் வயலுக்குப் பதிவான மருந்தின் லேபிளில் பாடசாலை முற்றத்துக்கான அளவு இருக்காது. லேபிளே இல்லாத போத்தலில் எதுவும் இருக்காது. குடிக்கும் போத்தலில் நஞ்சை ஊற்றி வைக்கும் பழக்கத்தால் நம் நாட்டில் பிள்ளைகள் எத்தனை ஆபத்துக்குள்ளாகிறார்கள் என்பதை மருத்துவமனையில் வேலை செய்யும் எவரும் சொல்வார்கள். எந்த வழியைத் தெரிந்தாலும், வெளியிலிருந்து வரும் மிச்ச மருந்து வளவுக்குள் நுழையக்கூடாது என்ற விதியைச் சங்கம் முதலில் எழுதிக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது வழி மனத்துக்குப் பிடித்த வழி. பிரான்ஸ் நாடு 2017 ஜனவரியிலிருந்து பொது நிர்வாகங்கள் பூங்காக்களிலும் வீதியோரங்களிலும் இரசாயனக் களைநாசினிகளையும் தாவரங்களுக்கு அடிக்கும் இரசாயன மருந்துகளையும் பயன்படுத்துவதைத் தடுத்தது. 2019 இல் வீட்டுத் தோட்டங்களுக்கும், 2022 ஜூலையில் பாடசாலை வளவு போன்ற இடங்களுக்கும் அந்தத் தடையை நீட்டியது. ஆனால் அந்தச் சட்டம் தாவரங்களுக்கு அடிக்கும் மருந்துகளைப் பற்றியது. கட்டடக் கறையானையும் எலியையும் அது தொடவில்லை. படிப்படியாக, மாற்று வழிகளைத் தயார்படுத்திக்கொண்டு வந்த தடை அது. நம் நாட்டில் 2021 மே மாதம் இரசாயன உரத்துக்கும் பீடைகொல்லிகளுக்கும் ஒரேயடியாக இறக்குமதித் தடை போடப்பட்டு, அதே ஆண்டு நவம்பரில் அது விலக்கிக்கொள்ளப்பட்டதையும், இடைப்பட்ட காலத்தில் அம்பாறை, மட்டக்களப்பு விவசாயிகள் பட்ட பாட்டையும் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மாற்று கையில் இல்லாத தடை நிலைக்காது. அதைவிட மோசமாக, மருந்துக்குப் பதிலாக உப்பையும் மண்ணெண்ணெயையும் பழைய எஞ்சின் எண்ணெயையும் கொட்டும் நிலைக்கு அது ஆட்களைத் தள்ளும். உப்பு புல்லைக் கொல்லும். கூடவே மண்ணையும் கெடுத்து, அருகில் நிற்கும் மாவையும் வேம்பையும் வாட்டும், கிணற்றையும் உவராக்கும். எஞ்சின் எண்ணெய் எந்தக் களைநாசினியைவிடவும் நல்லதல்ல.

மூன்றாவது வழியை அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரம் தன் சொந்தக் கட்டடங்களுக்கும் பூங்காக்களுக்கும் 1996 இல் சட்டமாகவே ஆக்கியது. அங்கே மருந்து கடைசிப் படி. அதுவும் அனுமதிக்கப்பட்ட பட்டியலிலிருந்து மட்டும். நமக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு தேவையில்லை. பார்வையிடும் ஒருவர், பதிவுக் கொப்பி ஒன்று, திருத்த வேலைக்கு ஒதுக்கிய கொஞ்சப் பணம் ஆகியவை இருந்தால் தொடங்கிவிடலாம். இந்த வழி உண்மையில் தாங்குமா என்பதை ஒவ்வொரு பீடையாக வைத்துத்தான் சோதிக்க வேண்டும்.

புல்லில் தொடங்குவோம். கிளைபோசேட் என்ற களைநாசினியின் கதை எல்லோருக்கும் தெரிந்தது: நம் நாட்டில் 2015 இல் தடை, 2018 இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தளர்வு, 2022 இல் தடை நீக்கம். அதே 2015 இல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய வாய்ப்புள்ள பொருட்களின் வரிசையில் வைத்தது. அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் அதற்கு உடன்படவில்லை. அந்த வாதம் முடியும் வரை பாடசாலைச் சங்கம் காத்திருக்கத் தேவையில்லை, ஏனென்றால் புல்லைப் பொறுத்தவரை அந்த மருந்து நமக்குத் தேவையே இல்லை. புரட்டாதியில் களைநாசினி அடித்து முற்றத்தை வெறும் மணலாக்கிவிட்டால், ஐப்பசி மழை அந்த மணலை அரித்து வடிகானுக்குள் கொண்டுபோகும்; வெறுமையான இடத்தில் முதலில் முளைப்பதும் களைதான். புல் நிலத்தைப் போர்த்திக்கொண்டு நிற்பது குறை அல்ல. அது உயரமாக நிற்பதுதான் பாம்புப் பயத்துக்குக் காரணம். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் அதற்குப் புல்லைச் சாகடிக்க வேண்டியதில்லை, வெட்டினால் போதும். இயந்திரத்தால் வெட்டும்போது ஏழெட்டுச் சென்ரிமீற்றர் உயரம் விட்டு வெட்டினால், புல் அடர்ந்து நின்று மற்றக் களைகளின் முளைக்கு வெயில் படாமல் மறைக்கும். மண்ணோடு ஒட்டச் சிரைத்தால் அந்தப் பயன் போய்விடும். வெட்டும் இயந்திரம் கல்லைத் தெறிக்க வைக்கும் என்பதால் பிள்ளைகள் இல்லாத நாளில், கண்ணாடி அணிந்தே வேலை நடக்க வேண்டும்.

எல்லாக் களையும் வெட்டுக்கு அடங்காது. கோரைக்கு மண்ணுக்குள் கிழங்கு இருக்கிறது. வெட்டினால் சில நாட்களில் மீண்டும் எழும்பும். நிழலில் அது வலுவிழக்கும் என்பதால், பயிர்ப் பாத்தி இல்லாத இடத்தில் தடித்த காகித மட்டையையும் அதன்மேல் தென்னந்தும்பையும் நான்கு விரற்கடைக்குக் குறையாமல் போட்டு மூடுவதும், மீண்டும் மீண்டும் கிழங்கோடு கிளறி எடுப்பதுமே வழி. பொறுமை வேண்டிய வேலை என்பதை மறைக்கத் தேவையில்லை. கோடையில், சித்திரை தொடங்கி ஆவணி வரையான வெயிலில், நனைத்த மண்ணின்மேல் ஒளி ஊடுருவும் பொலித்தீனை ஓரம் புதைத்து நான்கு முதல் ஆறு வாரம் விரித்து வைத்தால், மேல்மண்ணிலுள்ள களை விதைகளில் பெரும்பாலானவை வெந்து போகும். மட்டக்களப்பு வெயிலுக்கு இது மிகவும் பொருத்தமான முறை. நெருஞ்சி வேறு வகை. அதன் முள்ளுக்காய் காலில் ஏறும் விளையாட்டு முற்றத்தில் அதை விடவே முடியாது. ஆனால் அது ஆணிவேர்ச் செடி. மாரி ஓயும் தை மாதத்தில் மணல் ஈரமாக இருக்கும்போது, மஞ்சள் பூ காயாகும் முன் பிடித்து இழுத்தால் வேரோடு வந்துவிடும். ஒரு சிரமதானத்தை அந்த வாரத்தில் வைப்பதற்கும் காய் கொட்டிய பின் வைப்பதற்கும் இடையிலான வேறுபாடு, அடுத்த ஆண்டு முழுவதும் தெரியும். நடைபாதைக் கற்களின் இடைவெளியில் முளைப்பதற்குக் கொதிநீர் ஊற்றி, பின் இடைவெளியைச் சீமெந்துச் சாந்தால் அடைத்தால் சரி.

ஆகவே புல்லுக்கு மூன்றாவது வழியும் இரண்டாவது வழியும் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. களைநாசினி வேண்டாம் என்று சங்கம் எந்தத் தயக்கமும் இல்லாமல் எழுதலாம்.

கறையானில்தான் இரண்டு வழிகளும் பிரிகின்றன. முதலில் எது கறையான் என்று அறிய வேண்டும். சுவரிலிருந்து மண் குழாய் கட்டி ஏறுவது நிலக்கறையான். மரத்தின் கீழே மணல் போன்ற சிறு மணிகள் குவிந்திருந்தால் அது உலர்மரக் கறையான். நிலத்தோடு அதற்குத் தொடர்பில்லை. மாவு போன்ற தூளும் ஊசித் துளைகளும் தெரிந்தால் அது மரத்தை உளுக்கச் செய்யும் வண்டு. கடைசி இரண்டுக்கும் சுவரோரத்து மண்ணில் மருந்து ஊற்றுவது காசையும் கிணற்றையும் வீணாக்குவது மட்டுமே. நிலக்கறையான்தான் என்றால், மண் குழாயில் ஒரு விரல் நீளத்தை ஈர்க்கால் பெயர்த்துவிட்டு இரண்டு மூன்று நாள் பொறுக்கலாம். பெயர்த்த இடத்தை ஈரமான புது மண்ணால் அடைத்திருந்தால் உள்ளே நடமாட்டம் இருக்கிறது. குழாய் உலர்ந்து வெறுமையாகவே கிடந்தால் அது பழைய தடமாக இருக்கலாம், மற்ற இடங்களைப் பார்க்க வேண்டும். நடமாட்டம் இருக்கும் குழாயின் மேல் மருந்தைத் தெளித்தால் சில நூறு வேலைக்காரக் கறையான் சாகும். புற்றும் இராணியும் வேறிடத்தில் இருக்க, ஏனையவை பாதையை மாற்றிக்கொண்டு மறுபக்கத்தால் ஏறும். மாதாந்த ஒப்பந்தத்தில் நடப்பது பெரும்பாலும் இதுதான்.

நிலக்கறையானுக்கு ஈரம் வேண்டும், தின்ன மரம் வேண்டும், மண்ணிலிருந்து மரத்துக்கு மறைவான பாதை வேண்டும். பீலி உடைந்து கூரைத் தண்ணீர் சுவரடியில் விழுவது, சுவரோடு ஒட்டிப் பூப்பாத்தி கட்டுவது, உடைந்த மேசை கதிரைகளைக் கட்டடத்தின் பின்சுவரில் அடுக்கி வைப்பது, பழைய கொப்பிக் கட்டுகளைக் களஞ்சியத் தரையில் வைப்பது: இவை எல்லாம் நாம் கறையானுக்கு வைக்கும் படையல். இவற்றைச் சரிசெய்து, புத்தகங்களைச் சுவரிலிருந்து தள்ளி இரும்புத் தாங்கியில் வைத்து, அத்திவாரத்தைச் சுற்றி ஓர் அடி அகலத்தைக் கண்ணில் படும்படி வெறுமையாக வைத்திருந்தால், குழாய் கட்டிய உடனே தெரியும். கதவு நிலையை மாற்ற வேண்டி வந்தால் கொன்கிரீட் நிலையோ வைரம் பாய்ந்த முதிர்ந்த பனையோ நல்லது. மழை படாத உட்புற மரத்துக்கு, போரன் உப்பான போரேட்டின் கரைசலைப் பூசலாம். அது மரத்துக்குள் ஊறி நிற்கும், காற்றில் கலக்காது, ஆனால் மழை பட்டால் கழுவுண்டு போகும்.

இவ்வளவும் செய்த பின்னும் கூரை மரத்தை நோக்கி ஏறினால், மருந்து வேண்டும். கூரை விழுவது பிள்ளைகளுக்கு எந்த மருந்தையும்விடப் பெரிய ஆபத்து. எந்த மருந்து, எங்கே என்பதில்தான் கவனம். கறையானுக்கு மண்ணில் ஊற்றும் மருந்துகளில் ஒன்றான இமிடாகுளோப்ரிட் நீரில் ஓரளவு நன்றாகவே கரையும். நம் மணலில் அது மழையோடு இறங்கும். மற்றொன்றான பைபென்த்ரின் நீரில் ஏறக்குறையக் கரையாமல் மண் துகளில் ஒட்டி நிற்கும். ஆனால் அந்த மண் அரிபட்டு வாவிக்குப் போனால் மீனுக்கும் இறாலுக்கும் கேடு. எனவே சுவரைச் சுற்றிக் கண்டபடி ஊற்றாமல், தாக்கம் உள்ள சுவரடியில் மட்டும், தரையில் துளையிட்டு உட்செலுத்தி, துளையை அடைக்க வேண்டும். மாரியில் செய்யக்கூடாது, கிணற்றுக்கு அருகில் செய்யவே கூடாது. கிணறு சுவருக்குப் பக்கத்திலேயே இருந்தால், கறையானின் தோல் வளர்ச்சியைத் தடுக்கும் இரைப்பொறி கிடைக்கிறதா என்று தேடுவது நல்லது. அது வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில் எடுத்தாலும், வேலைக்காரக் கறையானே அதைப் புற்றுக்குக் கொண்டுபோகும், மண்ணில் எதுவும் ஊற்றப்படுவதில்லை. கறையானுக்கென்று ஒரு காலத்தில் உலகெங்கும் ஊற்றிய குளோர்டேன், 2001 இன் ஸ்டொக்ஹோம் உடன்படிக்கையில் ஒழிக்கப்பட வேண்டிய முதற் பன்னிரண்டு பொருட்களில் ஒன்றாகச் சேர்ந்தது, மண்ணில் பல பத்தாண்டுகள் அழியாமல் கிடந்ததனால்தான். மண்ணுக்குள் ஊற்றியதைத் திரும்ப எடுக்க முடியாது.

நுளம்பைப் பொறுத்தவரை, புகையடித்தால் அந்த நேரம் பறந்துகொண்டிருக்கும் நுளம்புகள் மட்டுமே சாகும். தண்ணீருக்குள் இருக்கும் குடம்பிகளுக்கு ஒன்றும் ஆகாது. டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் பருவத்துக்கு வர ஏறக்குறைய ஒரு வாரம் முதல் பத்து நாள் எடுக்கும் என்பதால், வாரத்துக்கு ஒருமுறை, ஒவ்வொரு வாரமும் அதே நாளில், தேங்கிய தண்ணீரை அகற்றியபடி வளவைச் சுற்றி வந்தாலே சுழற்சி அறுந்துவிடும். சிரட்டை, குரும்பை, டயர், கூரைப் பீலி, பயன்படுத்தாத மலசலகூடத் தாங்கி, மூடி சரியாகப் பொருந்தாத நீர்த்தாங்கி ஆகியவற்றோடு, நம் ஊரில் தனியாகக் கவனிக்க வேண்டியது தயிர்ச்சட்டி. வீசிய சட்டிகள் மதிலோரத்தில் மழைநீரை ஏந்திக்கொண்டு கிடக்கும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டை பாத்திரச் சுவரில் ஒட்டியபடி உலர்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். உரஞ்சிக் கழுவ வேண்டும். வெறுமையாக்க முடியாத தொட்டியில் கப்பி மீன் விடலாம். டெங்கு நோயாளர் இனங்காணப்பட்டு, பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் ஏற்பாட்டில் புகையடிக்க வந்தால், அதற்கு ஒத்துழைக்கத்தான் வேண்டும். நான் வேண்டாம் என்பது, ஒப்பந்தத்தில் வழமையாக எழுதப்படும் மாதாந்தப் புகையை.

கரப்பானுக்குச் சுவர் முழுக்கத் தெளிப்பதைவிட, சிற்றுண்டிச்சாலை அலுமாரியின் பிணைச்சல் ஓரங்களில் சிறு புள்ளிகளாக வைக்கும் பசை இரை சிறப்பாக வேலை செய்யும். எலிக்கு 12 மில்லிமீற்றர், சுண்டெலிக்கு 6 மில்லிமீற்றர் இடைவெளி போதும் என்பதால், கதவடியையும் குழாய்த் துவாரத்தையும் அடைத்துப் பொறி வைப்பதே முறை. நஞ்சு வைத்தால், அதைத் தின்ற எலியைத் தின்னும் ஆந்தையும் சாகக்கூடும்.

செலவை நேர்மையாகப் பார்க்க வேண்டும். மூன்றாவது வழி முதல் ஆண்டில் மலிவாக இராது. பீலியும் கதவடித் தகடும் நீர்த்தாங்கி மூடியும் தாங்கிகளும் காசு கேட்கும். சிற்றூழியருக்கு வேலை கூடும். ஏற்கெனவே கூட்டுதலும் மலசலகூடமும் தேநீரும் சுமந்துகொண்டிருக்கும் ஒருவர் தலையில் இதையும் ஏற்றினால் அது நடக்காது. அவருக்கு வாரத்தில் இரண்டு மணித்தியாலம் இதற்கென்றே விடுவித்துக் கொடுக்க வேண்டும். ஆனால் பீலிக்குச் செலவழித்த பணம் கறையானையும் நுளம்பையும் சுவர் ஈரத்தையும் ஒருசேரக் குறைக்கிறது. மருந்துக்குச் செலவழித்த பணம் அடுத்த மாதமும் அதே தொகையைக் கேட்கிறது.

ஆகவே என் பரிந்துரை மூன்றாவது வழி; களைக்கும் நுளம்புக்கும் வழமையான மருந்து இல்லை, கறையானுக்குக் கட்டுப்பாட்டோடு மட்டும் என்ற வரையறையோடு. கூறுவிலை கோரும்போதே ஒப்பந்தத்தின் உருவத்தை மாற்றிவிட வேண்டும்: பணம் பார்வையிடலுக்கும் எழுத்து அறிக்கைக்கும் கொடுக்கப்படும், தெளிப்புக்கு அல்ல, மருந்து தேவை என்றால் பீடையின் பெயர், இடம், மருந்தின் பதிவு விபரம், அளவு ஆகியவற்றை எழுதி அதிபரின் ஒப்புதல் பெற்ற பின்னரே, விடுமுறை நாளில் பயன்படுத்தலாம், இரண்டு நாட்களுக்கு முன் வாயிலில் அறிவித்தல் ஒட்ட வேண்டும், எந்த மருந்தும் வளவில் களஞ்சியப்படுத்தப்படாது, தெளிகருவியைக் கிணற்றடியிலோ வடிகானிலோ கழுவக் கூடாது, வெற்றுப் போத்தல்களை ஒப்பந்தக்காரரே கொண்டுபோக வேண்டும். பதிவுக் கொப்பி அலுவலகத்தில் இருக்கட்டும். பீலி திருத்தமும் சுவரடித் துப்புரவும் புரட்டாதி முடிவதற்குள், நெருஞ்சி பிடுங்கும் சிரமதானம் தை மாதத்தில், பொலித்தீன் விரிப்பு சித்திரை விடுமுறையில் என்று நாட்காட்டியில் குறித்துவிட்டால், அடுத்த ஆண்டு ஒப்பந்தம் புதுப்பிக்கும் கூட்டத்தில் எங்கே எத்தனை முறை மருந்து தேவைப்பட்டது என்பதைக் கொப்பியைப் பார்த்தே பேசலாம்.